கபூர் பாயை நடக்க விட்டிருக்கலாம்

அன்றைய முதல் கல்யாணப் பார்ட்டி அப்போதுதான் மெத்தையில் வந்து உட்கார்ந்திருந்தது. மணப்பெண், அம்மா, பெரியம்மா, எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கும் ஓர் அத்தை. சூப்பர்வைசர் என் பின்னால் வந்து குனிந்து, "செல்வி, பாய் போய்ட்டாராம். ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு" என்றார். என் கையில் விரித்த முந்தானை. எதிரே அத்தை, "அந்த மாம்பழக் கலரைக் காட்டும்மா" என்கிறாள். காட்டினேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? முந்தின நாள் சாயங்காலம் என்னோடு பேசிச் சிரித்த மனிதர் செத்துப்போய்விட்டார், நான் ஜரிகையின் தரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கபூர் பாயை இந்தக் கடையில் தெரியாதவர் யார்? பட்டுப் பிரிவில் புடவையைத் தன் மேலேயே கட்டிக் காட்டுவது அவர் வேலை. பேன்ட் சட்டைக்கு மேல் மடிப்பு வைத்து, மீசையோடு கண்ணாடி முன் நின்றால் பெண்கள் முதலில் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மீசை மறந்துபோய்ப் புடவைதான் தெரியும். ஒருமுறை ஓர் அம்மா, மகளுக்குக் கொஞ்சமும் பிடிக்காத பச்சைப் புடவையைப் பிடிவாதமாக எடுக்கப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டி நிற்கிறது. பாய் அந்தப் பச்சையைக் கட்டினார் பாருங்கள், அப்படி ஒரு கண்றாவியான கட்டு! மடிப்பு ஒரு பக்கம், முந்தானை ஒரு பக்கம். அந்த அம்மாவே, "ஐயோ, இது வேண்டாம்" என்றுவிட்டாள். "வேணும்னேதானே பாய்?" என்று கேட்டேன். "அழுதுக்கினே எடுத்த பொடவைய எவளும் ரெண்டாவது தபா கட்டமாட்டா, செல்வி" என்றார்.

நாள் முழுக்க நின்றே விற்கும் நம் கால்களைப் பற்றி, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் போட்ட செருப்பு ராத்திரி ஏறாது. நாற்காலி போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்தால் பார்ட்டி வேறு கவுண்டருக்குப் போய்விடும் என்று நாமே உட்காருவதில்லை. கால் வீங்குவது நமக்குத் தலைமுடி நரைப்பதைப் போல ஆகிவிட்டது. அதை யாரும் ஒரு சங்கதியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

பாய்க்கு வயிற்றில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மறுநாளே எழுந்து மெல்ல நடக்க வேண்டும் என்றுதான் டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆனால் சிந்தாதிரிப்பேட்டை வீட்டில் யார் கேட்டார்கள்? "பச்சை ஒடம்பு, தையல் பிரிஞ்சிடும்" என்று அவர் மனைவி மும்தாஜ் அக்கா அவரைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை. சோறும் தண்ணீரும் கட்டிலுக்கு வந்தன. பார்க்கப் போன நாமும் அதையேதானே சொன்னோம்? "இத்தினி வருஷம் நின்னீங்களே, இப்பவாச்சும் படுங்க பாய்" என்றோம். "என்னைப் பட்டுப் பொடவையாட்டம் மடிச்சு வெச்சுட்டாங்க, யாராச்சும் பிரிங்கப்பா" என்று அவர் கெஞ்சினார். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா போன் செய்தார். "கெண்டைக்கால் இழுக்குதுன்றாரு, வீங்கிக் கீது, தொட்டா சுடுது. இன்னா பண்றது?" நான் ஸ்பீக்கரில் போட்டேன். கால் வீக்கம் என்றால் நம் கடையில் ஆளுக்கு ஒரு வைத்தியம் உண்டு. உப்பு ஒத்தடம் என்றார் ஒருவர். சுளுக்குதான், எண்ணெய் போட்டு நன்றாக வழித்துவிடுங்கள் என்றார் இன்னொருவர். எல்லாம் பிரியத்தில் சொன்னதுதான். ஒரு காலா, இரண்டு காலா என்று மட்டும் நம்மில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீங்கியிருந்தது இடது கால் மட்டும். அக்கா அதற்கு எண்ணெய் போட்டு அழுத்தி அழுத்தித் தேய்த்திருக்கிறார்.

என் வார விடுமுறையன்று நான் போயிருந்தபோது அது நடந்தது. பாத்ரூமுக்குப் போக எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு இழுத்தால் நெஞ்சில் குத்துகிறது என்றார். வாயு என்று அக்கா ஓம வாட்டர் எடுக்க ஓடினார். அதற்குள் சட்டை வேர்வையில் நனைந்து, கண் செருகிவிட்டது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே இருந்த லேடி டாக்டருக்குச் சின்ன வயது. பொறுமையாகத்தான் சொன்னார். அசையாமல் படுத்ததில் கால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கிறது. அதில் ஒரு துண்டு கழன்று நுரையீரலில் போய் அடைத்திருக்கிறது. "கட்டி மேல மேல பெருசாகாம இருக்க ஊசி போட்டாச்சும்மா. ஆனா பிரஷர் இறங்கிட்டே இருக்கு. கட்டியைக் கரைக்கிற மருந்து இருக்கு. அதைக் குடுத்தா, வயித்துல ஆறாத புண்ணு இருக்கே, அங்க ரத்தம் கசியலாம், தலைக்குள்ளயும் கசியலாம். குழாய் விட்டு எடுக்கலாம், அந்த வசதி இங்க இல்ல. வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா வழி தாங்குவாரான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

அக்கா அவரையே பார்த்தார். "ஒன்னப் பெத்த அத்தாவா இருந்தா நீ இன்னாம்மா பண்ணுவே?" டாக்டர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "கரைக்கிற மருந்தைக் குடுத்திருப்பேன்" என்றார். அக்கா என் பக்கம் திரும்பினார். இரண்டு புடவையைக் கையில் வைத்துக்கொண்டு எது நன்றாக இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு நாளும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டேன். படுபாவி, ஒரு வார்த்தை வரவில்லை. அக்கா தனியாகத்தான் "குடுங்க" என்றார்.

சாயங்காலம் பிரஷர் ஏறியது. பாய் கண் திறந்தார். "மூச்சு லேசாயிட்ச்சு செல்வி. நாளைக்கு நடக்கப் போறேன், ஒங்க அக்காவைப் புடிச்சு வெச்சுக்கோ" என்று சிரித்தார். நான் நம்பி வீட்டுக்குப் போனேன், காலையில் நிம்மதியாக வேலைக்கு வந்தேன். விடிந்த பிறகு இன்னொரு துண்டு வந்து அடைத்திருக்கிறது. இந்த முறை எந்த மருந்துக்கும் நேரம் இருக்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு நான் அந்த டாக்டரைத் தேடிப் போனேன். நடக்க விட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா நடந்திருந்தா ரத்தக் கட்டி வர்ற வாய்ப்பு குறைஞ்சிருக்கும். கால் வீங்கின அன்னைக்கே ஸ்கேன் எடுத்து மருந்து ஆரம்பிச்சிருந்தா, பெரும்பாலும் இருந்திருப்பார்" என்றார்.

மும்தாஜ் அக்கா இப்போது இத்தாவில் இருக்கிறார். கணவனை இழந்த பெண் வெளியே வராமல் இருக்க வேண்டிய காலம் அது. அதனால் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை, அதனால்தான் இதையெல்லாம் என்னால் வாசிக்க முடிகிறது. ஆபரேஷன் ஆனவர்களை உங்கள் வீட்டில் நடக்கவிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சுட்டால் எண்ணெய்ப் பாட்டிலைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தினமும் சாயங்காலம் அக்கா எனக்குப் போன் செய்கிறார். "நான்தானே படுக்க வெச்சேன்? நான்தானே தேச்சேன்? டாக்டரு இன்னா சொன்னாங்க, சொல்லு" என்பார். தினமும் நான் சொல்கிறேன்: "யார் என்ன செஞ்சிருந்தாலும் வந்திருக்கும்னு சொன்னாங்கக்கா." பச்சைப் புடவையை வேண்டுமென்றே கோணலாகக் கட்டிய பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பொய்தான். சாகும்வரை இதைச் சொல்வேன். நீங்களும் அந்த வீட்டுப் படியேறினால், தயவுசெய்து, இதையே சொல்லுங்கள்.