வக்காக் குஞ்சுகளுக்காக எடுத்த ஏலம்

ஓடைக்கரை மரங்கள் ஏலத்துக்கு வந்த அன்று பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நான் இருந்தேன், என்னைப் பெற்ற அய்யா இருந்தார், விறகுக்கடை அண்ணாச்சி இருந்தார், ஏலம் கூறும் கிளார்க் இருந்தார். என் சிநேகிதன் இல்லை. பாளையங்கோட்டையில் அவன் அக்காவுக்குக் கல்யாணம். அவன் வந்திருந்தால் நடந்தது நடந்திருக்காது. அவன் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே வாத்தியார்கள். எந்தக் காகிதத்தையும் கடைசி வரிவரை வாசித்துவிட்டுத்தான் கீழே வைப்பார்கள். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சங்கரன்கோவிலுக்கு ஆறு கிடையாது. வீடுகளின் பின்புறமாகப் போகும் ஓடைதான் எங்களுக்கு ஆறு. கல்லூரி விட்டு வந்ததும் நானும் சிநேகிதனும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவோம். நான் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் மெழுகுத் தட்டில் குத்திவைத்துப் பார்த்த தவளையை ஓடையில் உட்கார்ந்த கோலத்தில் பார்ப்பது வேறு. ஐப்பசியில் முதல் பெருமழைக்கு மறுநாள் ஆண் தவளைகள் புளியங்குடிச் சந்தையில் குவித்த எலுமிச்சை போல மஞ்சளாகிவிடும். கத்தும்போது தாடைக்கு இருபுறமும் நீலப் பை உப்பும். தண்ணீருக்கு மேல் தொங்கும் கிளையில் மரத்தவளை சோப்பு நுரை மாதிரி ஒரு கூடு கட்டும். சில நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே சொட்டும். ஒருநாள் சாயங்காலம் முழுக்க அதை எண்ணிக்கொண்டிருந்தோம். எண்ணிக்கை விட்டுப்போனபோது இருவருக்கும் வருத்தமே வரவில்லை.

மழை ஓய்ந்த பின் வக்காக்கள் வரும், இராக்கொக்குகள். சிவந்த கண், சாம்பல் முதுகு, பொழுது சாயும்போது ஒற்றைக் கத்தல். அந்த வருடம் கரையிலிருந்த பதினோரு கருவேல மரங்களிலும் கூடு கட்டியிருந்தன. எதிர்க்கரையிலிருந்து முப்பத்தெட்டுக் கூடு எண்ணினோம். மாசியில் குஞ்சு பொரிக்கத் தொடங்கிய வாரத்தில்தான் ஏல நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அய்யாவிடம் சொன்னேன். அவருக்குப் பறவைமேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் யோசித்துவிட்டு, "நாம எடுப்போம்லே. குஞ்சு பறந்த பொறவு வெட்டினா வெறகு எங்கயும் ஓடிராது" என்றார். கூரைக்கு ஓடு போடச் சேர்த்த பணம் இருந்தது. நோட்டீஸை வாசிக்கச் சொன்னார்.

வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். கடிதம், பூச்சிமருந்து டப்பா, கோர்ட்டுத் தாள், எதுவானாலும் வீட்டில் உள்ளவர்களுக்கு நான் சாரத்தைத்தான் சொல்வேன். ஆபீஸ் வார்த்தைகளை அப்படியே சொன்னால் குழம்பிப்போவார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. படித்தவன் என்ற எண்ணமும்தான். "பதினோரு மரம், டெபாசிட் தனியா அம்பது. மத்ததெல்லாம் எப்பவும் போடுத நிபந்தனைதான்" என்றேன்.

ஏலத்தில் விறகுக்கடை அண்ணாச்சி முந்நூறு வரை வந்தார். "வே, வெறகு வாங்குதீரா, கூடு வாங்குதீரா?" என்றார்.

"ரெண்டுந்தான் அண்ணாச்சி. முட்டை போட்டா உமக்கு ஒண்ணு தாரேன்" என்றார் அய்யா. முந்நூற்றுப் பத்துக்கு மரங்கள் எங்களுக்கு விழுந்தன.

பதினான்காம் நாள் நானும் அய்யாவும் நின்ற ஓடைக்கரையில் கிளார்க் சைக்கிளை நிறுத்தினார். "நாளையோட கெடு முடியுது. இன்னும் ஒரு மரத்துலயும் கோடாலி படலியே?"

"என்ன கெடு?" என்றார் அய்யா.

கிளார்க் என்னைப் பார்த்தார். "தம்பி வாசிச்சுச் சொல்லலியா? பதினஞ்சு நாளைக்குள்ள வெட்டி அள்ளிரணும். இல்லன்னா கட்டுனது பூரா போயிரும், மரத்தை மறுபடியும் ஏலம் விடுவாங்க."

அய்யா என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலையில் மரத்தடிக்கே நோட்டீஸ் நகலைக் கொண்டுவரச் சொன்னார். விறகுக்கடை அண்ணாச்சியும் வந்திருந்தார். "இன்னைக்கே ஆள் விடுதேன். பொழுது அடையதுக்குள்ள வெட்டிருவோம். வெறகை நானே எடுத்துக்கிடுதேன், பாதி ரூவாயாவது உமக்குத் தேறும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

"வாசிலே" என்றார் அய்யா. "சுருக்காத."

முழுவதும் வாசித்தேன். மரங்கள் திரும்ப எடுக்கப்பட்டால் புது அறிவிப்பு ஒட்டி, பதினைந்து நாளுக்குக் குறையாமல் பொறுத்தே மறு ஏலம் என்று ஒரு வரி இருந்தது. அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். கிளார்க், "அந்தா இந்தான்னு ஒரு மாசம் ஆயிரும்" என்றார்.

அய்யா அண்ணாந்து பார்த்தார். "ஒரு மாசத்துல பறந்துருமா?"

"பறந்துரும்."

"இதையும் சுருக்கித்தான் சொல்லுதியா?"

வடக்கு மரத்தை நிமிர்ந்து பார்த்தேன். பெரிய குஞ்சுகள் பறந்துவிடும் என்றேன். வடக்கு மரத்தில் நாலு கூட்டில் இப்போதுதான் பொரித்திருக்கிறது, அவை பறக்குமென்று சொல்ல முடியாது என்றேன்.

"அப்பம் எல்லாம் பறக்காது."

"பறக்காது அய்யா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நாலுக்காவ மத்ததையும் சாவடிக்க முடியுமா? நாங்க வெட்டலன்னு எழுதிக்கிடும்" என்று கிளார்க்கிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

மறு ஏலத்தில் மரங்கள் விறகுக்கடை அண்ணாச்சிக்கே போயின. வெட்டிய அன்று நானும் சிநேகிதனும் எதிர்க்கரையில் நின்றோம். பத்து மரங்களில் பழைய குச்சிக் கூடுகள் மட்டும் சரிந்தன. வடக்கு மரத்தின் நாலு கூட்டில் ஒன்றுதான் காலியாக இருந்தது. மற்ற மூன்றில் இருந்ததைச் சிநேகிதன் குழி தோண்டி மூடினான். அடுத்த மழைக்குத் தவளைகள் பள்ளத்தில் கத்தின. நுரை கட்டத்தான் கிளை இல்லை.

நாங்கள் இழந்ததில் பாதிப் பணத்தைத் தான் தருவதாகச் சிநேகிதன் சொன்னான். வாசித்தது நீ இல்லையே என்று மறுத்துவிட்டேன். ஏலத்தொகை முந்நூற்றுப் பத்து, டெபாசிட் ஐம்பது, ரசீதுக்கு இரண்டு. ஓட்டுக்குச் சேர்த்ததில் போனது மொத்தம் முந்நூற்று அறுபத்திரண்டு ரூபாய்.