எந்தக் கால் குட்டை?

எழுபதுகளில் காரைக்குடியில் பள்ளிப் படிப்பை முடித்தபோது, நான் என் தோழிகளின் தோள் உயரம்தான் இருந்தேன். பெண் பார்க்க வந்த கோட்டையூர்க்காரர்கள், "பொண்ணு ரொம்பக் குள்ளம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மதுரையில் ஒரு டாக்டர் எலும்பை வெட்டிக் காலை நீட்டுகிறார் என்று கேள்விப்பட்டு, அப்பச்சி என்னை அங்கே அழைத்துப்போனார்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். எனக்கும் ஆசைதான்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "மாசக்கணக்குல படுக்கணும். காலு மட்டுந்தான் நீளும், கை அப்படியே இருக்கும். பாக்க ஒரு மாதிரிதான் தெரியும்."

"தெரிஞ்சுட்டுப் போகுது. உசரம் வந்தாப் போதும்" என்றார் அப்பச்சி.

டாக்டர் வார்டைப் பார்த்து வரச் சொன்னார். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் குட்டையாகிப்போன பெண் அங்கே படுத்திருந்தாள். என் வயதுதான். காலைச் சுற்றி இரும்புச் சட்டம். நர்ஸ் அதன் திருகை முறுக்கியபோது அவள் துண்டைக் கடித்துக்கொண்டாள். வலி அடங்கியதும் என்னிடம் கேட்டாள்:

"ஒனக்கு எந்தக் காலு குட்டை?"

"ரெண்டும் ஒரே அளவுதான்."

"நல்லா நடக்கிறியா?"

"ஓடக்கூடச் செய்வேன்."

"அப்புறம் எதுக்குடி வெட்டிக்கிற?"

கோட்டையூர்க்காரர்களுக்காக என்று சொல்ல வாய் கூசியது.

வெளியே வந்து, "எனக்கு வேணாம் அப்பச்சி" என்றேன்.

"ஒன்னைய யாரு கட்டிக்குவாக?"

"கட்டாட்டிப் போறாக. அவுக கண்ணுக்காக என் காலை வெட்ட விடமாட்டேன்."

ஊர் வரும்வரை பஸ்ஸில் அப்பச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். நானும் என் பிடிவாதத்தை விடவில்லை.

பிறகு ஆசிரியையானேன். கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது. பள்ளியில் முதல் நாள் முக்காலியில் ஏறிக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பே சிரித்தது. "சிரிச்சு முடிச்சிட்டீகளா? இனிக் கணக்கைப் பாருங்க" என்றேன்.

குள்ளம் என்று யாராவது சொன்னால் இன்றும் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனால், "ஆமா, குள்ளம்தான்" என்று நிமிர்ந்து நின்று சொல்லிவிடுவேன்.