பாலாற்று முகத்தில் இரண்டு நீச்சல்காரர்கள்

தங்கச் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை ஏசுபாதத்துக்கு. தினமும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்குவான், முகம் சுளிக்கமாட்டான். அவன் பயந்தது தண்ணீருக்கு மட்டும்தான். குடியாத்தம் பக்கத்திலிருந்து மாரிகுப்பத்துக்குப் பிழைக்க வந்த நாள்முதல், கிணற்றில் வாளி விழுந்துவிட்டால்கூட எட்டிப் பார்க்க மனைவி ஐடாவைத்தான் அனுப்புவான்.

அப்படிப்பட்டவன் படகேறியதற்கு அவன் வாய்தான் காரணம். சுரங்கத்தில் பொன்னைச் சோதிக்கும் எட்மண்ட் துரைக்குப் பாலாற்றின் மேல் ஒரு பித்து. ஆறு கடலில் சேருமிடத்தில் உப்பு எவ்வளவு தூரம் உள்ளே ஏறுகிறது, ஆறு எவ்வளவு வண்டலைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று அவர் கண்டுபிடித்தாக வேண்டும். மழைக்காலம் முடிந்து ஆற்றில் தண்ணீர் ஓடிய சமயம் பார்த்து லீவு போட்டார். கூட வர நீந்தத் தெரிந்த ஆள் வேண்டும் என்று, ஷிப்டு முடிந்து மேலே வந்தவர்களிடம் கேட்டார். ஏசுபாதத்துக்குக் கடலைப் பார்க்கும் ஆசை. கொஞ்ச நாள் வெளிச்சத்தில் இருக்கலாமே என்ற ஆசை வேறு. கையைத் தூக்கிவிட்டான். தூக்கியதோடு நிற்காமல், மீன் மாதிரி நீந்துவேன் என்றும் சொல்லிவைத்தான்.

சதுரங்கப்பட்டினத்துப் படகுக்காரர் கோவிந்தன் அவர்களை ஏற்றிக்கொண்டு கழிமுகத்தில் மேலும் கீழுமாக அலைந்தார். துரை பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுச் சீசாவில் தண்ணீர் பிடிப்பார். ஏசுபாதம் படகின் நட்டநடுவில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலால் பலகையைக் கவ்வியபடி, சீசாக்களுக்குத் தக்கை அடைப்பான். உதடு ஓயாமல் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும். துரை அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

கடைசி நாள் வந்தது. கடைசிச் சீசாவும் நிறைந்தது. எல்லாவற்றுக்கும் வைக்கோல் சுற்றி, சுரங்கத்துக்கு மெழுகுவத்தி வந்த மரப்பெட்டிகளில் அடுக்கி, ஆணி அடித்து முடித்தான் ஏசுபாதம். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தாயிற்று என்று பெருமூச்சும் விட்டான்.

அந்த நேரம் பார்த்துத் துரைக்கு இரக்கம் பிறந்தது. தண்ணீர் கலங்கிவிடும் என்று இத்தனை நாள் உன்னைக் கட்டிப்போட்டுவிட்டேன், வேலைதான் முடிந்ததே, இனி ஆசைதீர நீந்து என்றார். ஏசுபாதம் ஜலதோஷம் என்றான். உப்புத்தண்ணீர் அதற்கு நல்லது என்றார் துரை. சாப்பிட்ட வயிறு என்றான். காத்திருக்கலாம் என்றார். ஓய்வுநாள் என்று சொல்ல வாயெடுத்தான், அன்று செவ்வாய்க்கிழமை.

"தொரே," என்றான் கடைசியில், "எனக்கு நீச்சல் தெரியாது."

துரையின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. மெல்ல நகர்ந்து வந்து பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் தெரியாது," என்றார். "நான் விழுந்தால் நீ எடுப்பாய் என்றுதானே கூட்டிவந்தேன்?"

ஒருவேளை தான் விழுந்தால் துரை எடுப்பார் என்று இத்தனை நாள் தைரியமாக இருந்த ஏசுபாதம், இதைக் கேட்டதும் மரத்தை மறுபக்கத்திலிருந்து கட்டிக்கொண்டான். இருவரும் அவரவர் பாஷையில் கர்த்தரைக் கூப்பிட்டார்கள்.

கோவிந்தன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தார். இடுப்பளவு இருந்தது.

"எறங்குங்க தொரே. படகு மணல்ல தட்டி எவ்ளோ நேரமாச்சு. பொட்டிங்கள தலையில வெச்சிகினு நடந்தே பூடலாம்."

நடந்தார்கள். கரை வந்து சேரும்வரை துரை ஏசுபாதத்தின் கையை விடவில்லை.

மாரிகுப்பம் ஸ்டேஷனில் இறங்கியதும், இது நமக்குள்ளேயே இருக்கட்டும் என்று துரை கேட்டுக்கொண்டார். ஏசுபாதம் சத்தியம் செய்தான். வீட்டு வாசலைத் தாண்டியதும் ஐடாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். "இன்னாய்யா நீ," என்று அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு வெங்கடம்மா எட்டிப் பார்த்தாள். அந்த வாரமே சில ஸ்டேஷன் தள்ளி இருக்கும் கோரமண்டல் சுரங்கக் குடியிருப்பு வரைக்கும் கதை போய்விட்டது.

துரை கோபித்துக்கொள்ளவில்லை. சீசாத் தண்ணீரையெல்லாம் காய்ச்சி உப்பை நிறுத்துப் பார்த்த கையோடு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஏசுபாதத்தைப் பூதிகோட்டைப் பக்கத்து ஏரிக்கு நீச்சல் பழக இழுத்துப்போனார். இருவர் முதுகிலும் மிதப்பதற்கு ஆளுக்கொரு சுரைக்குடுக்கை. துணி துவைக்க வந்த பெண்கள் துவைப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வாராவாரம் போனார்கள். ஒருநாள் துரை குடுக்கையை அவிழ்த்துப் போட்டுவிட்டு அக்கரைவரை நீந்தினார். ஏசுபாதம் ஓங்கிக் கைதட்டினான், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, முதுகில் குடுக்கையோடு.