சுடாத கை

அன்று அறையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி ஸ்டெல்லா. அவள் தங்கை ரோஸி. டீ குடிக்க வந்த பக்கத்து வீட்டு சகாயம் அண்ணன்.

வடக்கனந்தலில் எங்கள் வீட்டிலேயே வாழ்த்து அட்டை செய்கிறோம். ரப்பர் அச்சில் பசை மையைத் தொட்டு அட்டையில் குத்துவோம். ஈரம் காயுமுன் தங்க நிறத் தூளைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, சூடான காற்று ஊதும் கருவியைக் காட்டுவோம். தூள் உருகி மேலெழும்பிப் பளபளவென்று நிற்கும். பெண்கள் இருவரும் அட்டையைக் கிளிப்பில் பிடிப்பார்கள். நான் கையால் பிடிப்பேன். ஒரு வருடமாக அப்படித்தான். சூட்டுக்கு நெருக்கமாகக் காட்டுவதால் என் அட்டையில் மினுக்கு கூடுதல்.

"இரும்புக் கைப்பா உனுக்கு" என்பார் சகாயம் அண்ணன்.

"சூடு சுரணை இல்லாத ஆளு. கண்ணாலம் ஆன நாளா சொல்லிக்கினுதான் இருக்கேன்" என்பாள் ஸ்டெல்லா.

தொழில் கைவந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று கருகல் நாற்றம் வந்தது. பேப்பர் என்றிருந்தேன்.

"மாமா, கையி" என்றாள் ரோஸி.

சுண்டுவிரல் ஓரம் கொப்புளித்திருந்தது. வலிக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொன்னார். அவர் தொடும் இடத்தை நான் காட்டவேண்டும். காத்திருந்தேன்.

"இன்னும் ஆரம்பிக்கலீங்களா?"

"நாலு தடவை தொட்டுட்டேன்."

முழங்கை நரம்பை உருட்டிப் பார்த்தார். கயிறு மாதிரி தடித்திருந்தது. தொழுநோய் (கிருமியால் வருவது, தோலையும் நரம்பையும் பிடிக்கும்) என்றார். பன்னிரண்டு மாத மாத்திரை, இலவசம். தொடங்கிவிட்டால் சீக்கிரமே அடுத்தவருக்கு ஒட்டாது. வீட்டாரையும் பரிசோதித்தார்கள். யாருக்கும் இல்லை.

"போன உணர்ச்சி திரும்புங்களா?"

"திரும்பலாம். திரும்பாமலும் போகலாம். இனிமே விரலைக் காப்பாத்த வேண்டியது உங்க கண்ணுதான்."

மாத்திரையால் சிறுநீர் சிவந்தது. முகம் கறுத்தது. அது மருந்தின் வேலை. பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

"வெளிய சொல்லாத. ஒரு பய கார்டைத் தொடமாட்டான்" என்றார் சகாயம் அண்ணன்.

மலைப்பக்கத்துப் பள்ளி ஒன்று கிறிஸ்துமஸுக்கு முந்நூறு அட்டை கேட்டிருந்தது. அந்த வருடம் எங்களுக்கு இருந்த பெரிய வேலை அது ஒன்றுதான். நான் நேரில் போய் நோயைச் சொன்னேன். தலைமையாசிரியை கையில் வைத்திருந்த மாதிரி அட்டையை மேசையில் வைத்தார்.

"பசங்க கையில போறது. நீங்களே யோசிங்க."

"யோசிச்சிதாங்க வந்தேன்."

வேண்டாம் என்றுவிட்டார்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"வாணாமாம்."

அவள் மைப்பெட்டியை மூடப் போனாள்.

"மூடாத. முந்நூறும் போடு."

போட்டோம். நானும் கிளிப் பிடித்தேன். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு வெளியே பலகை போட்டு அட்டைகளைப் பரப்பினேன். கேட்டவர்களிடம் மறைக்கவில்லை. ஒருவர் எடுத்த அட்டையைப் போட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார். துடைக்கட்டும். உளுந்தூர்பேட்டை லாரி டிரைவர் ஒருவர் வந்தார்.

"மூஞ்சி இன்னாண்ணே இப்பிடி கறுத்துக் கெடக்கு?"

"தொழுநோய் மாத்திரை."

"எனுக்கு மாத்திரை இல்லாமயே இப்பிடித்தான். ரெண்டு குடு."

கிறிஸ்துமஸுக்குப் பாதிக்கு மேல் போயிற்று. மிச்சம் புத்தாண்டுக்குப் போயிற்று.

மாத்திரை முடிந்துவிட்டது. நோய் இல்லை என்றார்கள். சுண்டுவிரலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை.

உங்களுக்கும் மரத்த இடம் இருந்தால், வலி இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள். போய்க் காட்டுங்கள். மறைக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

முன்பு கருவியை அணைத்தால் எனக்கு நாள் முடிந்தது. இப்போது அணைத்த பிறகு ஒரு வேலை இருக்கிறது. வெள்ளை அட்டை மேல் இரண்டு கையையும் விரித்து வைத்து, விளக்கடியில் ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்க்கிறேன். சூடு பட்டிருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று. கை சொல்லாததைக் கண்தான் சொல்லவேண்டும். சுண்டுவிரல் கொஞ்சம் மடங்கித்தான் நிற்கிறது. அதையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.

பத்து.