எண்ணெய் வைத்த தலை

அனுசுயாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அன்றைக்குக் காலையில் அது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

தில்லை நகர் மருத்துவமனை ஒன்றில் பன்னிரண்டு வருஷம் வலிப்பு நோயாளிகளின் தலையில் ஒயர் ஒட்டியவள். போன வாரம்தான் துவாக்குடிப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்திருந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் மாறி வந்து, மூளை அலையைப் பதியும் துணித் தொப்பியை மேஜையில் விரித்து, முப்பத்திரண்டு ஓட்டையிலும் எண் பார்த்து சென்சார்களைப் பொருத்துவாள். ஒன்று இடம் மாறினாலும் நெற்றியின் அலை பிடரியின் அலையாகப் பதிவாகிவிடும். அவள் கையில் இதுவரை மாறியதில்லை.

ஐம்பது வயது தாண்டியவர்களின் ஞாபகசக்தியைப் பற்றிய ஆராய்ச்சி அது. அன்று பழைய பட்டியலைப் புரட்டினாள். பதினாலு பெண்களின் பெயருக்கு எதிரே 'தகுதியில்லை' என்றிருந்தது. காரணம்: முடி. ஆண்களில் ஒருவரைக்கூடக் கழிக்கவில்லை. பாதிப் பேருக்கு வழுக்கையாம், தொப்பி சுலபமாக உட்கார்ந்துவிட்டதாம். பெண்களை இப்படி வாசலோடு அனுப்பிவிட்டு, கடைசியில் 'மனித ஞாபகசக்தி' என்றுதானே கட்டுரை எழுதுவார்கள்? என்ன அநியாயம்!

பதினைந்தாவதாக அன்று சந்திரம்மாள் வந்தார். திருவெறும்பூரில் கேன்டீன் சமையல். லீவு போட்டுவிட்டு, எண்ணெய் வழிய வாரி இறுக்கிக் கொண்டை போட்டு, மல்லிகைப்பூ வைத்து வந்திருந்தார். ஆய்வு மாணவன் பூவரசன் எட்டிப் பார்த்த மாத்திரத்தில் கையை விரித்தான்.

"சாரிம்மா, எண்ணெய்த் தலைக்கு சிக்னல் வராது. போயிட்டு வாங்க."

சந்திரம்மாளின் முகம் சுண்டிவிட்டது. "இவ்ளோ பெரிய இடத்துக்குப் பரட்டைத் தலையோடவா வர்றது தம்பி? எங்கம்மா கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க. அந்தக் கஷ்டம் இன்னொருத்தருக்கு வரக் கூடாதுன்னுதான் வந்தேன்."

"எண்ணெய் வைக்கக் கூடாதுன்னு இவங்களுக்கு யார் சொன்னது?" என்றாள் அனுசுயா.

"ஃபார்ம்ல இருக்கே மேடம்."

"இங்கிலீஷ்ல."

அவன் ஃபார்மைப் புரட்டிப் பார்த்தான்.

"வலிப்பு வந்தவங்க தலைக்குக் குளிச்சிட்டா சார் ஆஸ்பத்திரிக்கு வருவாங்க? எண்ணெய்த் தலையை அலசி அலசித்தானே பன்னெண்டு வருஷம் எடுத்தேன்?"

மல்லிகையை ஒரு டம்ளரில் போட்டு வைத்தாள். கொண்டையைப் பிரித்து, சந்திரம்மாளை வாஷ்பேசினுக்கு அழைத்துப்போய் இரண்டு தடவை ஷாம்பூ போட்டு அலசி, ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தாள். காய்ந்ததும் முடியைத் தாழ விட்டுத் தொப்பியை மாட்டினாள். ஒவ்வொரு ஓட்டையிலும் குச்சியால் முடியை விலக்கி ஜெல் வைத்தாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. திரையில் முப்பத்திரண்டும் பச்சையாக எரிந்தன.

"இவ்ளோ சுத்தமா வந்ததே இல்ல மேடம்!" என்றான் பூவரசன்.

அனுசுயாவின் மனம் அதற்கெல்லாம் ஆறவில்லை. பதிவு முடிந்ததும் பழைய பட்டியலை அவன் முன்னால் போட்டாள். "பதினாலு பேருக்கும் ஃபோன் பண்ணுங்க. தப்பு எங்க மேலதான், திரும்ப வாங்கன்னு தமிழ்ல சொல்லுங்க."

முதல் பெயர் ரெங்கம்மாள். ஸ்பீக்கரில் போட்டுத் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டான்.

"அதனால என்ன தம்பி!" என்றது சந்தோஷமான குரல். "முடிதானே இடைஞ்சல்னு சொன்னீங்க? போன வாரமே சமயபுரத்துல மொட்டை போட்டுட்டேன். இப்ப சேத்துக்குவீங்கல்ல?"

பூவரசன் அனுசுயாவைப் பார்த்தான். அவளுக்குக் குரலே எழவில்லை.