தாலிக்கென்று வைத்த கார்டு

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். நான் லைட் பிடித்தேன்.

சரியாகத்தான் படித்தீர்கள். கேமரா இல்லை. லைட்.

புத்தூரில் இத்தனை வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறவன் ஏன் லைட் பிடிக்கிறான்? கேமரா கிளாரா கையில் இருந்தது. அதனால்.

கிளாராவைப் பற்றி இங்கே எழுதியதில்லை. என் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறவர். அலங்கார அறைக்குள் போய் எடுக்க வேண்டிய படமெல்லாம் அவர் எடுப்பதுதான். ஆல்பத்தில் மட்டும் ஸ்டுடியோ பெயர் இருக்கும். இந்தத் தடவை அப்படியில்லை. பெண்ணின் அம்மா பத்மா மாமி நேராக அவரிடமே கேட்டுவிட்டார்.

"அலங்காரத்துலேர்ந்து மாங்கல்ய தாரணம் வரைக்கும் நீதாம்மா எடுக்கணும். உன் பேர்லயே எடு."

சொந்தப் பெயரில் முதல் கல்யாணம். நன்றாக வந்தால் அடுத்தது தேடி வரும். சொதப்பினால்? ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் சொதப்பினால் மத்தியானத்துக்குள் பக்கத்துச் சித்திரை வீதிக்குத் தெரிந்துவிடும். நாற்பது வயதுக்கு மேல் இன்னொரு வாய்ப்பு யார் தருவார்கள்?

செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கினார். நல்ல கேமரா. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கார்டுதான் போட முடியும். அந்த மெமரி கார்டு வாங்க சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடைக்குப் போனோம்.

கார்டு வாங்குவதில் என்ன இருக்கிறது? நான் போனால் ஒரே கேள்விதான். இருப்பதில் பெரியது எது? அதைக் கொடு. முடிந்தது.

கடைக்காரரும் என்னை மாதிரிதான். பெரியதாக ஒன்றை எடுத்து வைத்தார்.

"ரெண்டு கல்யாணம் தாங்கும்க்கா இது."

"நான் ஒரு கல்யாணந்தான் எடுக்கப் போறேன்."

"இருக்கட்டுமே. இடம் சும்மா கிடக்கட்டும்."

நானும் சொன்னேன். "பெரிசா ஒண்ணு வாங்கிடு கிளாரா. நடுவுல மாத்துற வேலை இல்ல."

"அது போச்சுன்னா முழுக் கல்யாணமும் போயிடும்ல அண்ணே? சின்னதா மூணு வாங்கினா, போனாலும் ஒண்ணுதான போகும்?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

அடுத்தது வேகம். அட்டையில் பெரிதாக ஒரு எண் போட்டிருந்தது. கடைக்காரர் அதன்மேல் விரலை வைத்தார்.

"இது கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குறப்ப வர்ற வேகம்" என்றார் கிளாரா. "கேமராவுலேர்ந்து கார்டுல ஏறுற வேகம் எது?"

"அதெல்லாம் எதுக்குக்கா?"

"மூணு முடிச்சு போடுறப்ப விடாம அமுக்குவேன். அந்த நேரத்துல கேமரா யோசிச்சுகிட்டு நின்னா, மாப்பிள்ளைய அவுத்துட்டு மறுபடி கட்டச் சொல்லவா?"

கடைக்காரர் சிரித்தார். பிறகு பொறுமையாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். கவர் இல்லாத கார்டு ஒன்று மலிவாகக் கிடைத்தது. கிளாரா அதைத் தொடக்கூட இல்லை. சீல் பிரிக்காத சின்னக் கார்டு மூன்று. கையில் பில். கிளம்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் சொல்ல வந்தேன்.

மூன்று கார்டையும் நிரப்பினார். முழுசாக.

போலிக் கார்டு உடனே காட்டிக்கொடுக்காது. பெரிய கார்டு மாதிரியே நடிக்கும். கொஞ்ச தூரம் போன பிறகு எடுக்கிற படமெல்லாம் திறந்தால் வெறும் சாம்பல் நிறம். நிரப்பித் திறந்து பார்த்தால்தான் தெரியும். எனக்கும் தெரிந்த விஷயந்தான். ஆனால் செய்தேனா?

கிளாராவுக்கு வீடு பொன்மலையில். சுவர், கொடியில் துணி, குழாயடிக் குடம், எதிர்வீட்டு ஆடு... எதையும் விடவில்லை. "என்ன கிளாரா, ஆட்டுக்கு ஆதார் கார்டா?" என்று தெருவே கேட்டதாம்.

சரிபார்த்த பிறகு இரண்டு கார்டை அழித்தார். மூன்றாவதை அழிக்கவில்லை. அதில் சேவியர் இருந்தார்.

சேவியர் அவர் கணவர். ரயில்வே பட்டறையில் வேலை. கேமராவைப் பார்த்தால் எழுந்து போய்விடுகிற மனிதர். அவர்கள் கல்யாண ஆல்பத்திலேயே தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்குப் பனியனோடு வண்டி கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். பெண்டாட்டி ஆட்டை விரட்டி விரட்டிப் படம் எடுப்பதைப் பார்த்து அடக்க முடியவில்லை. கையெல்லாம் சோப்பு நுரை. வாய் நிறையச் சிரிப்பு.

கிளாரா கேமராவிலேயே எனக்குக் காட்டினார். இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை.

"காப்பி பண்ணி வச்சுக்க" என்றேன்.

"பண்ணணும் அண்ணே."

பண்ணவில்லை. கல்யாண வேலை.

இந்த இடத்தில் வள்ளி வருகிறாள். என் மனைவி. புதுச் சாமான் எது வந்தாலும் எங்கள் ஸ்டுடியோவில் பூஜை உண்டு. பிரிண்டருக்கும் பொட்டு, ஸ்டூலுக்கும் பொட்டு. கிளாரா ஏற்கெனவே கேமராவைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஃபாதரிடம் நீட்டியிருந்தார். தீர்த்தம் தெளித்தாராம். "மூடி போட்டுத்தான் நீட்டினேன் அண்ணே" என்றார். விவரமானவர்.

வள்ளி கேமராவுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். எலுமிச்சம்பழம் சுற்றினாள். பிறகு கேட்டாள்.

"படமெல்லாம் கார்டுலதான இருக்கும்? அத விட்டுட்டா எப்படி?"

கிளாரா ஒரு கார்டை டப்பாவோடு கொடுத்தார். "தாலி கட்டுறதுக்குன்னே தனியா வச்சிருக்கேன் அண்ணி. இதுக்கு வைங்க."

வள்ளி பொட்டு வைத்து டப்பாவை மூடிக் கொடுத்தாள். முகூர்த்தம்வரை அதைத் திறப்பதில்லை என்று கிளாரா வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் சோதிக்கிறவர்தான். சாமிக்கு வைத்ததைப் போய்ச் சோதிப்பாரா?

கல்யாணத்தன்று எனக்கு ஒரு கண்டிஷன். "நீங்க கேமரா கொண்டு வராதீங்க அண்ணே. கொண்டு வந்தா எல்லாரும் உங்களத்தான் எடுக்கச் சொல்லுவாங்க." நியாயம். வெறுங்கையோடு போனேன். லைட்டைக் கொடுத்தார். பிடித்தேன்.

பெண்ணின் மாமாவுக்கு அது பொறுக்கவில்லை.

"என்ன சார், நீங்க லைட்டப் பிடிச்சுண்டு நிக்கறேள்? கேமராவ அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டேளே! இதென்ன பொம்மைக் கல்யாணமா?"

"அவங்க எடுக்குற கல்யாணம் சார். நான் லைட்டுதான்."

கிளாரா காதில் விழுந்தது. திரும்பவில்லை.

அலங்காரம், மாலை மாற்றல், ஊஞ்சல்... முதல் கார்டு நிரம்பிவிட்டது. பெண் அப்பா மடியில் உட்கார்ந்தாள். கிளாரா டப்பாவைத் திறந்து, தாலிக்கென்று வைத்த கார்டைப் போட்டார்.

கார்டு இல்லை என்றது கேமரா.

எடுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பின்பக்கம் வரிசையாகத் தங்கக் கலரில் பட்டை இருக்குமே, கேமரா தொட்டுப் படிக்கிற இடம்... அங்கே காய்ந்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

வேட்டியில் துடைத்தேன். போகவில்லை. இடுக்கில் இறங்கிக் கெட்டியாகிவிட்டது. வாத்தியார் தாலியைக் கையில் எடுத்துவிட்டார். மாமா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைப்பையிலிருந்து மூன்றாவது கார்டு வந்தது. போட்டார். இடமில்லை என்றது. ஒவ்வொன்றாக அழிக்க நேரம் ஏது? மொத்தமாக அழித்தால்தான் உண்டு. எல்லாம் போய்விடும், சரியா என்று கேமரா கேட்டது.

"கிளாரா..." என்றேன். வேறு என்ன சொல்ல? என்னிடம் கார்டா இருந்தது?

அமுக்கிவிட்டார்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

மூன்று முடிச்சும் வந்தது. மாப்பிள்ளை குனிந்து தாலியைக் கட்டியது, மாமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதது, பெண்ணின் அப்பா கண்ணை மூடிக்கொண்டது... ஒன்றும் தப்பவில்லை. கேமரா ஒரு தடவைகூட யோசித்து நிற்கவில்லை.

படங்களைப் பார்த்துவிட்டு மாமா வந்தார். "வர்ற தையில என் பொண்ணுக்குப் பண்றேன். நீதான் வரணும்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "லைட்டுக்கு இவரையே அழைச்சுண்டு வா."

பந்தியில் பக்கத்து இலையில் கிளாரா. அழித்த படத்தை மீட்கலாமே என்பீர்கள். மீட்கலாம், அதன்மேல் வேறு படம் ஏறாதவரை. இங்கே ஏறிவிட்டது. ஒரு முகூர்த்தமே ஏறிவிட்டது.

"வருத்தமா இல்லையா?" என்றேன்.

ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இருக்கு அண்ணே. ஆனா சிரிச்ச ஆளு வீட்டுலதான இருக்காரு? இந்தத் தாலிய மறுபடி கட்டுவாங்களா?"

அந்தக் கைக்கு எந்தக் கார்டு கொடுத்தாலும் நிறையும். கார்டு தேர்ந்தெடுக்கத் தெரிவது ஒரு திறமை. எதை அழிக்கலாம் என்று அந்த நேரத்தில் தெரிவது? அது எந்த அட்டையிலும் போட்டிருக்காது.

சேவியரை மறுபடி எடுத்துப் பார்த்தாராம். ரேஷன் கார்டுக்கு நிற்பது போல விறைத்துக்கொண்டு நிற்கிறாராம். கிளாரா விடவில்லை. ஆட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

வள்ளியிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "தங்கம் மாதிரி மின்னுச்சுங்க. நல்ல இடம்னு அங்க வச்சேன்" என்றாள். அவளை என்ன சொல்வது? நல்ல இடந்தான்.

நானும் சின்னக் கார்டாக மூன்று வாங்கிவிட்டேன். என் பெரிய கார்டு இப்போது பூஜை அறையில் இருக்கிறது. வள்ளி எங்கே வேண்டுமானாலும் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.