வளைவில் நட்டிருக்க வேண்டிய கல்

சாலை அலுவலகத்தில் அவருக்குக் கடப்பாரை என்றுதான் பெயர். அம்மா வைத்த பெயரைச் சம்பளத்தன்று மட்டும் கூப்பிடுவார்கள். அன்றைக்கும் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பேசாமல் நிற்பார். மைல்கல், கைகாட்டி, வேகத்தடைப் பலகை என்று அந்தச் சாலையோரம் எது நிமிர்ந்து நின்றாலும் அதன் குழி அவர் தோண்டியது. குழி தோண்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பாறை தட்டினால் அதோடு மல்லுக்கட்ட மாட்டார்கள். மண் இளகலாக இருக்கும் இடமாகப் பார்த்து நகர்ந்துவிடுவார்கள். பலகை கொஞ்சம் தள்ளி நின்றால் யார் தலையும் போய்விடாது.

அத்தானின் கல்லையும் அவர் அப்படித்தான் நட்டார்.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், ரோடு ரோலர் ஓட்டியவர். மலையிறக்கத்தில், பள்ளத்தை ஒட்டித் திரும்புகிற வளைவில் அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, பிரேக் பிடிக்காமல் ஒரு பஸ் வந்தது. உள்ளே எல்லாரும் அலறுவது கேட்டதும் ரோலரைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். குதித்து ஓட நேரமில்லை. பஸ் மோதி நின்றது. உள்ளே இருந்தவர்களுக்கு மூக்கு உடைந்தது, பல் போனது. உயிர் போனது அத்தானுக்கு மட்டும்.

அலுவலகம் ஒரு கல் செய்தது. ‘இந்த இடத்தில் ரோலரைக் குறுக்கே நிறுத்தி, பஸ் பயணிகளைக் காத்து உயிர்நீத்தார்’ என்று செதுக்கி, கீழே அத்தானின் பெயரையும் போட்டிருந்தார்கள். மலர்வளையத்தோடு பெரிய அதிகாரி கிளம்பிவிட்டார் என்று செய்தி வந்தது. வளைவில் கடப்பாரையைப் போட்டால் ‘ணங்’ என்றது. இன்னொரு போடு, இன்னொரு ‘ணங்’. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. இறக்கம் முடிந்து சாலை நேராக ஓடும் இடத்தில் மண் பொலபொலவென்று இருந்தது.

“டேய், அவர் போனது மேலேடா,” என்றாள் அக்கா.

“கல்லு எங்க இருந்தா என்னக்கா? படிக்கிறவன் டேப்பு வச்சு அளக்கவா போறான்?”

அதிகாரி வந்தார். போட்டோவில் சிரித்துவிடக் கூடாதே என்று முகத்தைக் கஷ்டப்பட்டுத் தொங்கப் போட்டுக்கொண்டார், போனார். தப்பிப் பிழைத்தவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். அழுதுவிட்டு அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள்.

பிற்பாடு கல்லுக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை வந்தது. பஞ்சர் ஒட்டும்வரை காத்திருக்கிறவனுக்குப் படிக்க வேறென்ன இருக்கிறது? கல்லைப் படிப்பான். சாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பான்.

“ஏங்க, ரோடு கோடு போட்ட மாதிரி கிடக்கு. இங்க எதுக்குங்க ரோலரை வச்சு பஸ்ஸை நிறுத்தணும்?”

பஞ்சர்காரர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே, “அட, உங்களுக்கும் தோணுதா?” என்பார். முதல் வருஷம் அதோடு விட்டார். அடுத்த வருஷம், “ஆளு கொஞ்சம் போடுவாராம்” என்று சேர்த்தார். அப்புறம் கதை தானாக வளர்ந்தது. போதையில் நடுரோட்டில் ரோலரை நிறுத்திவிட்டுத் தூங்கினாராம், பாவப்பட்ட பஸ் வந்து மோதியதாம். “ஆபீஸ் ஆளு இல்லையா, மூடி மறைச்சு கல்லு வச்சிட்டாங்க!”

அத்தான் இருமல் மருந்து குடித்தாலே தலை சுற்றுகிறது என்று படுத்துவிடுகிறவர்.

அக்கா மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களின் காருக்கு அந்தக் கடை வாசலில்தானா காற்று இறங்க வேண்டும்? அவர்கள் வீடு வந்து சேரவேயில்லை. போனில்தான் சொன்னார்கள்: “பொண்ணைப் பத்தி ஒண்ணும் இல்லைங்க. அப்பா வழிதான் சரியில்லைன்னு கேள்விப்பட்டோம்.”

அக்கா நேரே தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“பாறை ரெண்டு தடவை ணங்குன்னுச்சுன்னு என் புருஷனைக் குடிகாரனாக்கிட்டியேடா.”

“நானாக்கா சொன்னேன்? அந்தப் பஞ்சர்காரன் வாய் இருக்கே...”

“அவன் வாய்க்கு வேலை குடுத்தது உன் கடப்பாரைதான். கல்லைப் பிடுங்கி மேலே நடு.”

அவர் அலுவலகத்தில் போய்க் கேட்டார். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“இந்த இடத்தில்னு கல்லே சொல்லுதேய்யா. நான் உன்னை நம்பவா, கல்லை நம்பவா?”

“நட்டதே நான்தான் சார்.”

“அப்போ தப்பா நட்டதுக்கு உன்னைத்தான் சஸ்பெண்ட் பண்ணணும். பண்ணட்டுமா?”

கடப்பாரை பென்ஷனை நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அக்காவிடம், “பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க” என்றார். அதற்குப் பிறகு அவள் அவரைத் தம்பி என்று கூப்பிடவில்லை. ஊரைப் போல அவளும் கடப்பாரை என்றாள்.

அவர் ஓய்வுபெறும் சமயம் மலையை வெட்டிப் புதுச் சாலை போட்டார்கள். பழைய இறக்கத்தைக் கட்டைச்சுவர் வைத்து மறித்தாயிற்று. கீழே சாலையை அகலப்படுத்தியபோது பஞ்சர் கடையும் போனது, கல்லையும் பிடுங்கிப் போட்டார்கள். புதிதாக வந்திருந்த அதிகாரி, “எங்க வேணும்னாலும் நட்டுக்குங்க. ஆனா மேலே வளைவுல ஆடு மாடுகூட வராது” என்றார்.

கடப்பாரைக்கு உற்சாகம் தாங்கவில்லை. அக்கா வீட்டுக்கு ஓடினார். உள்ளே அவள் மகள் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. மாமாவைப் பார்த்ததும் இன்னும் வேகமாக மிதித்தாள்.

“அக்கா, புது ரோட்டோரம் வச்சா பளிச்சுன்னு தெரியும்.”

“வளைவுல வை.”

“படிக்க ஆள் இருக்காதேக்கா.”

“படிக்க ஆள் வேண்டாம். பேச ஆள் இல்லாம இருந்தா போதும்.”

தள்ளுவண்டியில் கல்லை ஏற்றி மேலே கொண்டுபோனார்கள். அக்கா கட்டைச்சுவரில் உட்கார்ந்தாள். அவர் கடப்பாரையைப் போட்டார். ‘ணங்.’ இன்னொரு போடு, ‘ணங்.’ இந்த முறை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் பாறை பொருக்கு மாதிரி பெயர்ந்து வந்தது. ஒரு சாண் கனம்கூட இல்லை. அடியில் நல்ல மண்.

அக்கா எழுந்து வந்து குழியை எட்டிப் பார்த்தாள்.

“இவ்வளவுதானா, கடப்பாரை?”

அவர் கல்லைக் குழிக்குள் சாய்த்தார். அது ஒரு பக்கமாகச் சரிந்தது. பிடிக்க அவள் கை கொடுக்கவில்லை.